மூன்று வால் பாம்பு

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டை ஒரு சந்தனப் பெட்டி ஆண்டது. பெட்டியை வைத்திருந்தவன் பெயர் நாகமுடியன். அவன்தான் அரசன் என்று ஊரில் சொன்னார்கள்.

பெட்டிக்குள் பதினொரு குழிகள். குழிக்கு ஒரு பொற்காசு. நாகமுடியனின் குலத்தில் அவனோடு சேர்த்துப் பதினொரு பேர் பட்டம் கட்டியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு காசு. காலையில் எழுந்ததும் அரசன் பெட்டியைத் திறப்பான். படிகக் கல்லைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்ப்பான். மூக்கு தேய்ந்த பாட்டனார். காது மழுங்கிய கொள்ளுப்பாட்டனார். விளிம்பில் யாரோ கடித்துப் பார்த்த தகப்பனார். எல்லாரும் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் பல் விளக்குவான்.

முதல் குழியில் இருந்தவர் அடலரையர். குலத்தை நிறுவியவர். அவர் அடித்த காசுகளில் உலகத்தில் மிஞ்சியது அந்த ஒன்றுதான். அதில் ஒரு விசேஷம் உண்டு. அடலரையரின் பிடரியிலிருந்து தோளுக்கு ஒரு கோடு இறங்கும். வளைந்த, முடிச்சு முடிச்சான கோடு. நுனியில் மூன்றாகப் பிரியும்.

அது பாம்பு என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். மூன்று வால் கொண்ட நாகம் பாதாளத்திலிருந்து வந்து அடலரையரின் தோளைக் காத்ததாம். தலை எங்கே என்று யாரோ ஒருமுறை கேட்டார்கள். அரசருக்கு முன் படம் எடுக்கக் கூசி, அவர் தலைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது என்று பதில் வந்தது. கேட்டவர் அதற்குப் பிறகு எதையும் கேட்கவில்லை.

அதனால் நாட்டின் கொடியில் தலை தெரியாத, மூன்று வால் கொண்ட பாம்பு தொங்கியது. கிரீடத்திலும் அதே பாம்பு பொன்னில் தொங்கியது. ஆண்டுக்கு ஒரு நாள், அடலரையர் பட்டம் கட்டிய நாளில், காசுத் திருநாள். அன்று அந்த முதல் காசு பல்லக்கில் ஏறிச் சபைக்கு வரும். சங்கு ஊதும். சபை எழுந்து நிற்கும். அரசனும் எழுந்து கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கும்பிடுவான். கொடிக்குப் பால் ஊற்றுவார்கள்.

பெட்டிக்குக் காவல் மழவராயர். குலத்தின் வரலாற்றை ஏட்டில் எழுதியவரும் அவர்தான். அதற்குக் ‘காசு மான்மியம்’ என்று பெயர் வைத்திருந்தார். அடலரையருக்கு முன் இந்த நாடு வெறும் காடு என்பது அதன் முதல் வரி.

அந்தச் சபையில் அந்துவன் என்று ஒரு விகடன் இருந்தான். அரசனைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். மழவராயருக்கு அவனைப் பிடிக்காது. காரணம் உண்டு. ஒரு தடவை மழவராயர் முகமே இல்லாமல் வழவழவென்று தேய்ந்த ஒரு செப்புத் துண்டைச் சபையில் காட்டி, “தன் முகம் பிறர் கையில் படுவது தகாது என்று கருதிய ஓர் அடக்கமான அரசரின் காசு இது” என்று அரை நாழிகை பேசினார். அந்துவன் மடியிலிருந்து அதே மாதிரி இன்னொன்றை எடுத்துக் கீழே போட்டான்.

“அந்த அரசர் நேற்று எண்ணெய்க் கடையில் இருந்தார் மன்னா. கால் படி நல்லெண்ணெய்க்கு எடைக்கல்லாக” என்றான்.

அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். மழவராயர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவர் ஒரு நாளுக்காகக் காத்திருந்தார்.

அந்த நாள் வந்தது. பதினொரு காசுகளையே பார்த்துப் பார்த்து அரசனுக்குச் சலித்துவிட்டது. பெட்டியில் இல்லாத பழங்காசு கொண்டு வருபவருக்கு ஒரு மா நிலம் என்று பறை அறைவித்தான்.

ஊர் முழுவதும் தோண்டிக்கொண்டு வந்தது. பித்தளைப் பொத்தான் வந்தது. மாட்டுச் சலங்கை வந்தது. ஒருவன் மாமியாரின் தோட்டையே தட்டிக் கொண்டு வந்தான். மாமியாரும் பின்னாலேயே வந்தாள். அரசன் எல்லாவற்றையும் படிகக் கல்லில் பார்த்துவிட்டுத் தள்ளினான்.

பதினைந்தாம் நாள் கிணறு வெட்டும் வெள்ளைச்சி வந்தாள். முழங்கால் வரை சேறு. இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு காசை எடுத்து வைத்தாள். பொன். ஒரு பாதியைச் சுண்ணாம்புக் கசடு மூடியிருந்தது. மறு பாதியில் ஒரு பெண்ணின் முகம். விளிம்பில் எழுத்து: கோக்கொற்றி.

அரசன் படிகக் கல்லைத் தேடிய அவசரத்தில் வெற்றிலைத் தட்டைக் கவிழ்த்தான்.

“கொற்றி! யார் இந்தக் கொற்றி? ராயரே, நம் குலத்தில் எத்தனையாவது?”

மழவராயர் காசைப் பார்த்தார். தராசில் வைத்தார். அடலரையரின் காசை மறு தட்டில் வைத்தார். முள் நடுவில் நின்றது. அவருடைய முகமும் அப்படியே நின்றது.

“மன்னர் மன்னா, கொற்றி என்று ஒருத்தி மான்மியத்தில் இல்லை. அடலரையருக்கு முன் நாடே இல்லை. அவருக்குப் பின் பெண் யாரும் ஆளவில்லை. எடையைப் பாருங்கள், முதல் காசின் எடை, குன்றிமணி அளவுகூட வித்தியாசம் இல்லை. நம் காசை அளவெடுத்து எவனோ செய்து இவள் கையில் கொடுத்திருக்கிறான். இது கள்ளக்காசு.”

கள்ளக்காசுக்கு அந்த நாட்டில் ஒரே தண்டனை. வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிடுவார்கள்.

“கிணத்துல கிடந்துச்சு சாமி” என்றாள் வெள்ளைச்சி. “பத்தாள் ஆழம். பாறைக்கு மேல. காசு அடிக்க எனக்கு எங்க தெரியும்? என் மம்பட்டிக்குத்தான் தெரியுமா?”

“யார் கொடுத்தார்கள் என்று சொல்லிவிடு” என்றார் மழவராயர்.

“மண்ணுதான் கொடுத்துச்சு. அதைக் கூட்டியாரட்டுமா?”

கை வாங்கும் தண்டனைக்கு ஒரு முறை இருந்தது. சபையில் உள்ளவர்கள் வரிசையாக எழுந்து ஒவ்வொருவராக ‘ஆம்’ சொல்ல வேண்டும். பத்தொன்பது பேர் எழுந்தார்கள். பத்தொன்பது ஆம். இருபதாவது ஆள் அந்துவன். எப்போதும் அவன் இடத்தில் எழுந்து ஏதாவது கோணங்கி செய்வான், சபை சிரிக்கும், அதையே ஆம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அந்துவன் எழுந்தான்.

“இல்லை” என்றான்.

அரசன் சிரிக்கத் தொடங்கி நிறுத்தினான். “இது விகடமா?”

“விகடத்துக்கு இன்று ஓய்வு மன்னா.”

“உனக்கு என்ன தெரியும் காசைப் பற்றி?”

“காசைப் பற்றித் தெரியாது. கள்ளனைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். கள்ளக்காசு செய்பவன் செலவழிக்கச் செய்வான். கடைக்காரன் யோசிக்காமல் வாங்குகிற முகத்தை அடிப்பான். யாருமே கேள்விப்படாத ராணியின் முகத்தை, அதுவும் அசல் பொன்னில், அதுவும் முழு எடையில், எந்தக் கள்ளன் அடிப்பான்? அப்படிப்பட்டவனைத் தண்டிக்கக் கூடாது. கருவூலத்துக்கு அதிகாரியாகப் போட வேண்டும்.”

இரண்டு பேர் சிரித்தார்கள். மழவராயர் திரும்பிப் பார்த்ததும் இருமினார்கள்.

“மன்னர் மன்னா” என்றார் மழவராயர். “அந்துவருக்கு அந்த ராணி மீது அவ்வளவு நம்பிக்கை என்றால் ஒன்று செய்வோம். அந்தக் கொற்றி இந்தச் சபைக்கு வரட்டும். அவள் வரும்போது நாங்கள் எல்லாரும் எழுந்து நின்று கும்பிடுகிறோம். அப்போது நம்புகிறோம். வராவிட்டால், கள்ளிக்குத் துணை நின்றவன் கையும் அவள் கையோடு போகட்டும். காசுத் திருநாள் உச்சிப்பொழுது வரை காலம் தருவோம். பத்து நாள் இருக்கிறது. செத்தவர்கள் நடந்து வரச் சற்று நேரம் ஆகும் அல்லவா?”

சபை இப்போது தாராளமாகச் சிரித்தது. அரசனுக்கும் அது பிடித்திருந்தது. “நல்ல வேடிக்கை. என்ன சொல்கிறாய் அந்துவா? இப்போதும் ஆம் என்று சொல்லிவிட்டு உட்காரலாம்.”

அந்துவன் வெள்ளைச்சியின் கையைப் பார்த்தான். கடப்பாரை பிடித்துக் காய்த்த கை. உள்ளங்கை மரப்பட்டை மாதிரி இருந்தது.

“ஓலையில் எழுதச் சொல்லுங்கள் மன்னா. கொற்றி வர வேண்டும். வரும்போது சபை எழுந்து கும்பிட வேண்டும். சபை என்றால் அரசரும் சேர்த்து. உங்கள் முத்திரையோடு வேண்டும்.”

எழுதினார்கள். முத்திரை வைத்தார்கள். அந்துவன் ஓலையை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தான். செத்த ராணியை எப்படிக் கூட்டி வருவது என்று அவனுக்குக் கொஞ்சமும் தெரியாது. இல்லை என்று சொல்ல வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. அதற்கு மேல் அவன் யோசித்திருக்கவில்லை.

நான்கு நாள் யோசித்தான். ஒன்றும் வரவில்லை. ஐந்தாம் நாள் வெள்ளைச்சியைப் பார்க்கச் சிறைக்குப் போனான். கோட்டை மதிலை ஒட்டிய கொட்டடி. கம்பிக்கு வெளியே முற்றம். முற்றத்தில் கொடிமரம்.

“நீங்க எதுக்கு சாமி குறுக்க வந்தீங்க?” என்றாள் அவள். “ஒரு கையோட போயிருக்கும். இப்ப ரெண்டாச்சு.”

“கணக்கு சரிதான்.”

“பொண்டாட்டி ஒண்ணும் சொல்லலையா?”

“சொன்னாள். சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அதனால்தான் இங்கே வந்தேன்.”

வெள்ளைச்சி சிரித்தாள். பிறகு கம்பிக்கு வெளியே மோவாயை நீட்டிக் காட்டினாள்.

“இதுல உட்கார்ந்து அஞ்சு நாளா அதையேதான் பாத்துக்கிட்டு இருக்கேன். ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சுக்கப்படாது.”

“கேள்.”

“கொடியில எதுக்குச் சடையைத் தொங்கவிட்டிருக்கீங்க?”

“அது பாம்பு.”

“பாம்பா!” அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். “நான் தினம் பாம்பு பாக்குறவ சாமி. கிணத்துக்குள்ள அதுவும் நானும்தான் கிடக்கோம். எந்தப் பாம்புக்கு மூணு வாலு? அது சடை. கீழ மூணாத் தொங்குறது குஞ்சம். எங்க அக்கா கல்யாணத்துக்கு வச்சாங்களே.”

அந்துவன் திரும்பிக் கொடியைப் பார்த்தான். முப்பது வருடமாகத் தினமும் பார்த்த கொடி. காற்று அடித்தது. பின்னல் ஆடியது. மூன்று குஞ்சங்களும் ஆடின.

அவன் எழுந்து நடந்தான். நடை ஓட்டமானது.

அக்கசாலை என்பது காசு அடிக்கும் பட்டறை. அதன் தலைவர் மாணிக்காசாரி. வெள்ளைச்சியின் காசை மாற்றுப் பார்ப்பதற்காக அவரிடம்தான் கொடுத்திருந்தார்கள். அவர் எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டுக் கசடை எடுத்திருந்தார்.

“பொன்னு சுத்தம்” என்றார். “அவங்க கேட்டது அவ்வளவுதான். சொல்லிட்டேன்.”

அந்துவன் காசை வெளிச்சத்தில் பிடித்தான். கொற்றியின் முகம் முழுதாகத் தெரிந்தது. கூர்மையான மூக்கு. சிரிக்காத வாய். பிடரியிலிருந்து தோளுக்குச் சடை இறங்கியது. நுனியில் மூன்று குஞ்சம்.

“ஆசாரியாரே, ஒரு காசில் இரண்டு பேர் இருக்க முடியுமா?”

ஆசாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு பழுதான செப்புக்காசை எடுத்தார். அதில் ஒரு மீன் இருந்தது. பட்டடையில் வைத்து, மேலே யானை அச்சை வைத்து, சம்மட்டியால் ஒரு போடு போட்டார். எடுத்துக் கொடுத்தார். யானை இருந்தது. யானையின் வயிற்றில் மீனின் வாலும் இருந்தது.

“பழுக்கக் காய்ச்சி அடிச்சா பழைய முகம் அமுங்கிடும். சூடு பத்தாம அவசரத்துல அடிச்சா அடியில இருக்கிற ஆள் முழுசாப் போக மாட்டான்.”

“ஆயிரம் காசு புதிதாக அடிக்க எத்தனை நாள் ஆகும்?”

“உருக்கணும், வார்க்கணும், தட்டணும், வில்லை வில்லையா வெட்டணும், ஒவ்வொண்ணையும் நிறுத்து அரத்தால ராவணும். அப்புறம்தான் அடிக்கிறது. ஒரு மாசம். ஏன்?”

“அடலரையர் திங்கட்கிழமை பட்டம் கட்டினார். வியாழக்கிழமை யானை மேலிருந்து ஆயிரம் பொற்காசு வீசினார். மான்மியத்தில் இருக்கிறது. சிறு பிள்ளைகூட மனப்பாடமாகச் சொல்லும்.”

ஆசாரி சம்மட்டியைக் கீழே வைத்தார். ஆயுள் முழுவதும் காசு அடித்தவர். அந்த வரியைத் தன் வாயால் ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பார். ஒரு நாளும் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை.

“அச்சை மட்டும் புதுசா வெட்டிட்டு...” என்று தொடங்கினார்.

“கருவூலத்தில் இருந்ததன் மேலேயே அடித்தார்” என்று அந்துவன் முடித்தான். “அதுதான் எடையும் ஒன்றாக இருக்கிறது. இதைச் சபையில் சொல்வீர்களா?”

“என் கையும் எனக்கு வேணும் தம்பி.”

“சரி. கேட்டால் மட்டும் சொல்லுங்கள். காசைத் திருநாளன்று நீங்களே சபைக்குக் கொண்டுவாருங்கள். எதிரில் நான் நிற்பேன்.”

திருநாளுக்கு முதல் நாள் மழவராயர் அந்துவனின் வீட்டுக்கே வந்தார். உட்காரவில்லை.

“உனக்கும் எனக்கும் ஆயிரம் இருக்கலாம்” என்றார். “அதற்காகச் சபைக்காரன் ஒருவன் கை இழப்பதைப் பார்க்க எனக்கு ஆசையில்லை. நாளைக்கு எழுந்து மன்னிப்புக் கேள். உன் கையை விடச் சொல்கிறேன்.”

“அவள் கை?”

“அவள் கூலிக்காரி.”

“கூலிக்காரிக்குக் கைதான் ஐயா சோறு. எனக்கு வாய் இருந்தால் போதும். நீங்கள் வேண்டுமானால் என் கையை எடுத்துக்கொண்டு அவள் கையை விடுங்கள். முடியுமா?”

மழவராயர் திரும்பிப் போய்விட்டார். அந்துவனின் மனைவி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. சோற்றை அவன் கையில் உருட்டி வைத்தாள்.

காசுத் திருநாள். சபை நிறைந்திருந்தது. மேல்மாடத்தில் மூங்கில் தட்டிக்குப் பின்னால் பட்டத்தரசியும் மற்றப் பெண்களும் இருந்தார்கள். நடுவில் வெள்ளைச்சியை நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு மரக்கட்டை. கட்டையில் கத்தி.

“உச்சிப்பொழுது ஆகப் போகிறது” என்றார் மழவராயர். “ராணியைக் காணோமே அந்துவரே. வழியில் கால் வலித்ததோ?”

“கிளம்பிவிட்டார்கள் ஐயா. பக்கத்தில்தான்.”

வெளியே சங்கு ஊதியது. கதவு திறந்தது. நான்கு பேர் சுமந்த பல்லக்கு உள்ளே வந்தது. பல்லக்கில் சிவப்புப் பட்டு. பட்டின் மேல் முதல் குழியின் காசு. சபை முழுவதும் எழுந்தது. நாகமுடியன் எழுந்து கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்தான். மழவராயர் இரு கைகளையும் தலைக்கு மேல் குவித்தார்.

அந்துவன் கைகுவித்த மழவராயரின் முன்னால் வந்து நின்றான்.

“எல்லாரும் எழுந்துவிட்டீர்கள் அல்லவா? அரசரும் எழுந்துவிட்டார். ஒருவரும் உட்காரவில்லையே?” இடுப்பிலிருந்து ஓலையை எடுத்து விரித்தான். “கொற்றி மகாராணி வந்துவிட்டார். வருடா வருடம் வருகிறார். வருடா வருடம் நீங்கள் எழுந்து கும்பிடுகிறீர்கள். கத்தியை உள்ளே வையுங்கள்.”

சபையில் இரைச்சல் எழுந்தது. “அடலரையரை அவமதிக்கிறான்!” என்று மழவராயர் கத்தினார். குவித்த கை இன்னும் தலைக்கு மேலேயே இருந்தது.

“பேசு” என்றான் அரசன். குரலில் சிரிப்பு இல்லை. “சொல்வது பொய்யானால் கை போதாது. தலையைக் கேட்பேன்.”

“பொய்யானால் நானே தருகிறேன்.” அந்துவன் மேல்மாடத்தைப் பார்த்துக் கும்பிட்டான். “அம்மா, பட்டத்தரசியாரே. கொடியில் தொங்குவது என்ன?”

தட்டிக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது.

“சடை. குஞ்சம் வைத்த சடை. கல்யாணமாகி இந்த வாசலுக்குள் நுழைந்த அன்றே பார்த்தேன்.”

“நீ சொல்லவே இல்லையே!” என்றான் அரசன்.

“யாரும் கேட்கவில்லையே.”

மேல்மாடத்தில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். சிரிப்பு தட்டிக்குப் பின்னால் வரிசையாகப் பரவியது. அவர்கள் எல்லாருக்குமே தெரிந்திருந்தது.

அந்துவன் ஆசாரியைக் கூப்பிட்டான். ஆசாரி கழுவிய காசைத் தட்டில் வைத்து அரசனிடம் நீட்டினார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். ஒரு மாதம் ஆகும் என்றார். மூன்று நாளில் முடியாது என்றார். பழைய காசின் மேலே அடித்தால்தான் முடியும் என்றார்.

“காட்டில் அக்கசாலை ஏது மன்னா?” என்றான் அந்துவன். “காட்டில் ஆயிரம் பொற்காசு ஏது? உங்கள் முன்னோர் வருவதற்கு முன்னால் இங்கே நாடு இருந்தது. நாட்டுக்கு ஒரு பெண் இருந்தாள். அவர் அவளிடமிருந்து நாட்டை எடுத்துக்கொண்டார். முகத்தையும் எடுத்துக்கொள்ளப் பார்த்தார். சடை மட்டும் வரவில்லை.”

அந்தச் சபையில் அப்படி யாரும் பேசியதில்லை. வாயிற்காவலன்கூட ஈட்டியைச் சாய்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான்.

அரசன் உட்கார்ந்து கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு படிகக் கல்லை எடுத்தான். இடது உள்ளங்கையில் இரண்டு காசுகள். முதலில் கொற்றியைப் பார்த்தான். பிறகு அடலரையரைப் பார்த்தான். நாற்பது வருடம் தினமும் பார்த்த முகம். மோவாய்க்குக் கீழே ஒரு சிறு மேடு உண்டு. போர்த்தழும்பு என்று மான்மியம் சொல்லும். அது கூர்மையான ஒரு மூக்கின் நுனியாக இருந்தது. ஒரு தடவை தெரிந்த பிறகு அதை வேறு எதுவாகவும் பார்க்க முடியவில்லை. காசு சேர்க்கிறவனுக்கு இது ஒரு தொல்லை. கண் பார்த்துவிட்டதை வாய் இல்லை என்று சொல்ல வராது.

மழவராயர் அரசனின் காதருகே குனிந்தார். மெதுவாகத்தான் பேசினார். ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

“ஒரே ஒரு காசுதான் மன்னர் மன்னா. ஆசாரி இருக்கிறான். சம்மட்டி இருக்கிறது. ஒரு அடி போதும்.”

“உங்கள் முன்னோரும் அதையேதான் நினைத்தார் மன்னா” என்றான் அந்துவன். “சம்மட்டியால்தான் அடித்தார். ஒரு அடி இல்லை, ஆயிரம் அடி. பாருங்கள், அவள் உங்கள் கொடியில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள்.”

வெள்ளைச்சி வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். அந்துவன் தன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே தொங்கவிட்டிருந்தான்.

அரசன் கண்ணைத் தாழ்த்தினான். மடியில் கிரீடம் இருந்தது. அதன் பின்பக்கத்தில் முடிச்சு முடிச்சாகப் பொன் பின்னல் தொங்கியது. நுனியில் மூன்று குஞ்சம். அதை விரலால் தூக்கினான். விட்டான். அது ஆடியது.

“ராயரே” என்றான். “நாற்பது வருடமாகத் தலையில் சடை மாட்டிக்கொண்டா இவர்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்?”

மழவராயர் வாயைத் திறந்தார். மான்மியத்தில் அதற்கு வரி இல்லை.

அரசன் சிரித்தான். முதலில் மூக்கால்தான் சிரித்தான். பிறகு தோள் குலுங்கியது. பிறகு சிம்மாசனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “எதிரி நாட்டான் ஒவ்வொரு போரிலும் நம் கொடியைப் பார்த்துச் சிரித்தானே, பயத்தில் சிரிக்கிறான் என்று எழுதினீரே!” என்றான். அதற்கு மேல் பேச முடியவில்லை. சபையும் சிரித்தது. பல்லக்குக்காரர்கள் பல்லக்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

சிரித்து முடித்ததும் அரசன் தீர்ப்புச் சொன்னான். வெள்ளைச்சிக்கு நிலம். தச்சனுக்கு ஒரு புதுப் பெட்டி செய்யும் வேலை. குழி பன்னிரண்டு, முதல் குழி கொற்றிக்கு. மழவராயருக்குக் காசு மான்மியத்தை முதல் வரியிலிருந்து திருத்தி எழுதும் வேலை. எழுதியதைக் காசுத் திருநாளன்று வெள்ளைச்சி முன்னால் படித்துக் காட்ட வேண்டும். அவள் சரி என்ற பிறகுதான் முத்திரை.

“கொடிக்குப் பால் ஊற்ற நேரமாயிற்று” என்று யாரோ நினைவூட்டினார்கள்.

“சடைக்குப் பாலா?” என்றது மேல்மாடத்துக் குரல். “பூ வையுங்கள்.”

பூ வைத்தார்கள். அந்த நாட்டில் இன்றும் அது சடைக்கொடிதான்.

“வேறு ஏதாவது வேண்டுமா?” என்று வெள்ளைச்சியைக் கேட்டான் அரசன்.

“கிணத்துல இன்னும் தண்ணி வரல சாமி. விட்டீங்கன்னா போயி முடிச்சிருவேன்.”

அவளை விட்டார்கள். அவள் போகும்போது கட்டையில் இருந்த கத்தியைப் பார்த்தாள். முந்தானையிலிருந்து கையை எடுத்து வீசிக்கொண்டு நடந்தாள்.

“அந்துவா” என்றான் அரசன். கண்ணைத் துடைத்துக்கொண்டான். “ஒரு சபையே ஆம் என்றபோது நீ ஒருவன் இல்லை என்றாய். உனக்கு என்ன தருவது? உன் தலையைப் பொறித்து ஆயிரம் பொற்காசு அடிக்கச் சொல்லட்டுமா?”

“வேண்டாம் மன்னா. என் தலைமேல் இன்னொருவன் தலையை அடிக்க அதிக நாள் ஆகாது. தருவதானால் யாருடைய தலையும் இல்லாத பொன்னாகத் தாருங்கள்.”

அரசன் மறுபடி சிரித்தான். ஆசாரியைப் பார்த்துத் தலையசைத்தான். ஆசாரி ஒரு பை கொண்டு வந்தார். உள்ளே அச்சுப் படாத வில்லைகள், நிறை மட்டும் பார்த்து வெட்டியவை, இரண்டு பக்கமும் வழவழவென்று மின்னின. அடக்கமான அரசரின் காசு மாதிரியே இருந்தன. பை நல்ல கனம்.

அந்துவன் வலது கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.